ஈரப்பதம் இருபத்தொன்று

அத்தியாயம் 7

"உங்க தம்பி சரியான ஆளும்மா" என்றார் ஜாஃபர் சாதிக், பழைய காரின் கதவை இடுப்பால் இடித்துச் சாத்தியபடி. "போலீஸ் கேக்குது, செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கடா இருந்தன்னு. அக்கா வீட்ல இருந்தேன்னு சொன்னா முடிஞ்சுது. நீங்களும் அதைத்தான் சொல்றீங்க. அவன் என்னடான்னா, அக்கா பொய் சொல்லுது, நான் அங்க இல்லவே இல்லங்கறான். நான் சவூதில, தம்மாம் பவர் பிளான்ட்ல எட்டு வருசம் இருந்தவன். ஜெயிலுக்கு இப்படி வரிசையில முந்திப் போயி நிக்கறவன அங்ககூட பாத்ததில்ல."

"ஜாஃபரு" என்றார் லத்தீஃபா அக்கா.

"சரி லாத்தா. மூடிக்கிட்டேன்."

வெள்ளிக்கிழமை, மணி பன்னிரண்டே முக்கால். மாலை ஐந்து மணிக்கு என் தம்பி பரிதியை மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தப்போவதாக இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். கொலை வழக்கு. இறந்தது என் கணவர் இனியவன்.

எங்கள் ஊர் வடக்குத்திடல், கடலிலிருந்து இரண்டு மைல். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஊர். வராமல் போன வருஷங்களும் உண்டு. அங்கே சின்னதாக ஓர் எரிவாயு மின் நிலையம், ஒரே ஒரு டர்பைன். பக்கத்தில் முப்பத்தெட்டு ஏக்கர் நஞ்சையை எடுத்து இரண்டாவது டர்பைன் வைக்கப்போவதாகக் கம்பெனி அறிவித்த நாளிலிருந்து ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. பரிதி வேண்டாம் என்கிற பக்கம். என் கணவர் பதினோரு வருஷமாக உள்ளே ஒப்பந்தத் தொழிலாளி. இரண்டாவது யூனிட் வந்தால் நிரந்தரம் ஆக்குவதாக அவரிடம் சொல்லியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி ஷிப்டுக்கு அவர் போகும்போது கேட்டில் இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு. "உன்னை இங்கயே பொதைக்கிறேன் பாரு" என்று பரிதி கத்தியதை நாற்பது பேர் கேட்டார்கள். புதன் காலை அவர் உடம்பு வடிகால் வாய்க்காலில் மதகுப் பலகையில் தட்டி நின்றது. மூச்சுத் திணறி இறந்ததாகப் பிரேதப் பரிசோதனையில் எழுதினார்கள். தண்ணீரிலும் மூச்சுத் திணறும், ஆள் அமுக்கினாலும் திணறும். வியாழன் எரித்தோம். வெள்ளிக்கிழமை காலை பால் தெளிக்கப் போன இடத்திலேயே பரிதியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது.

அன்றைக்குத்தான், அந்த வெள்ளிக்கிழமை, லத்தீஃபா அக்காவுக்கு நான் போன் செய்தேன். முப்பது வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்துவிட்டு, இப்போது நாகூரில் தனியாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவர். ஜாஃபர் அவருக்குக் கார் ஓட்டுகிற உதவியாள்; அவரை லாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார். நான் வேலை பார்க்கும் ஊர்ப்புற நூலகத்துக்கு மாதம் ஒருமுறை வந்து, துப்பறியும் நாவல்களைத் திட்டிக்கொண்டே எடுத்துப்போகிற வாசகி. வந்ததும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. "உன் தம்பி ஏன் உன்னைப் பொய்க்காரிங்கறான்? அதைக் கண்டுபிடிச்சா மத்தது எல்லாம் வந்துடும்" என்றார். அதை அப்படியே வைத்துவிட்டு மின் நிலையத்துக்குக் காரை விடச் சொன்னார்.

ஷிப்ட் இன்சார்ஜ் கோவிந்தராசு எங்களைக் காவலாளி அறையிலேயே நிறுத்திவிட்டார். நெற்றியில் விபூதி, கையில் கேட் பதிவேடு.

"பாருங்க. செவ்வாய், பதினொன்னு நாப்பது. இனியவன் வெளியே. கையெழுத்து."

"நடு ஷிப்ட்ல எதுக்கு வெளிய போனாரு?" என்று லத்தீஃபா அக்கா கேட்டார்.

"சொந்த வேலைன்னான். மச்சானோட காலைல சண்டை. நான் எங்க கேக்கறது? தங்கச்சி, உனக்குத் தெரியாததா?" என்று என்னைப் பார்த்தார்.

"உள்ள அன்னிக்கு ரிப்பேர் எதுவும் நடக்கலியே?"

"மெஷின் காலைல ஆறுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் நிக்காம ஓடிச்சும்மா. ஓடற மெஷினுக்குள்ள யாரு போவா? வெந்துடுவான்."

"ஊருக்குள்ள கேட்டாலும் இதான் சொல்வாங்களோ?" என்றார் ஜாஃபர்.

"தாராளமா கேளுங்க" என்று கோவிந்தராசு சிரித்தார்.

கேட்டோம். டீக்கடையில், ரேஷன் கடையில், கேட்டுக்கு எதிரே போட்டிருந்த பந்தலில். அந்தப் பந்தல் இரண்டாவது யூனிட்டுக்காகத் திங்கட்கிழமை நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு. எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். மெஷின் ஓடியது, மெஷின் ஓடியது. ஊரில் முப்பது வீட்டுப் பிள்ளைகளுக்குப் புது யூனிட்டில் வேலை என்று பெயர் எழுதி வாங்கியிருந்தார்கள். மெஷின் நின்றிருந்தால் காது கேட்கிற எவருக்கும் தெரியும். ஆனால் அந்த முப்பது வீட்டிலும் அன்றைக்குக் காது இல்லை.

"எவ்வளவு கரன்ட் எடுத்தாங்கன்னு சென்னைல கணக்கு இருக்கும் லாத்தா" என்றார் ஜாஃபர். "அங்க கேட்டா புட்டு வச்சுடுவாங்க."

"எப்ப?"

"திங்கக்கிழமை."

"அஞ்சு மணிக்கு வேணும்."

ஜாஃபர் வானத்தைப் பார்த்தார். வானம் மூடிக் கிடந்தது. தை மாதம் முழுக்க அப்படித்தான் இருந்தது. பனி விலகுவதற்குள் மேகம் வந்துவிடும். வெயில் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்துப் பத்து நாள்.

அப்போதுதான் நான் சொன்னேன். "அக்கா, வடக்குச் சுவர் பக்கம் வாங்களேன்."

மின் நிலையத்தின் வடக்குச் சுவரில் பெரிய இரும்புச் சட்டங்கள் வைத்த திறப்புகள் உண்டு. எண்ணெயைக் குளிர்விக்கிற விசிறிகள் உள்ளே இருக்கின்றன. மெஷின் ஓடினால் அந்தத் திறப்புகள் வழியே நாள் முழுக்கச் சூடான காற்று வெளியே வரும். அதற்கு எதிரே நூறடி நீளத்துக்கு சிமென்ட் தரை. சம்பா அறுப்பு சமயத்தில் வெயில் இல்லாத நாட்களில் ஊரே நெல்லைக் கொண்டுவந்து அங்கேதான் கொட்டும். காவலாளிகள் கண்டுகொள்ள மாட்டார்கள். அவர்கள் நெல்லும் அதில் இருக்கும்.

ஜாஃபர் காற்றில் கையை நீட்டிப் பார்த்தார். "அல்லா! ஓசில டிரையரு. தம்மாம்ல இந்தக் காத்துல நாங்க வேட்டி காயப் போடுவோம். இங்க ஒரு போகத்தையே காயப் போடறீங்களே."

அங்கே மலர்க்கொடி நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்தத் தரையில் கூலிக்கு நெல் பார்த்துக்கொள்பவள். லத்தீஃபா அக்கா அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எவ்வளவு நேரத்துல காயும்மா?"

"மெஷினு ஓடினா நாலு மணி நேரம். ஈரம் நூத்துக்கு இருபத்தொன்னு, இருபத்திரெண்டுல வர்ற நெல்லு பதினாறுக்கு இறங்கிடும். பதினேழுக்கு மேல இருந்தா கொள்முதல்ல எடுக்க மாட்டானுவொ."

"செவ்வாய்க்கிழமை காஞ்சுதா?"

மலர்க்கொடி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"காஞ்சுது" என்றாள். "மெஷினு ஓடிச்சுல்ல."

லத்தீஃபா அக்கா எழுந்தார். முட்டியைத் தேய்த்துக்கொண்டே நடந்தவர், காருக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார்.

"ஜாஃபரு, ஊரு பொய் சொல்லுது. சரி. நெல்லு பொய் சொல்லுமா?"

"நெல்லுக்கு அந்தப் பிளான்ட்ல வேலை போட்டுத் தரலியே லாத்தா."

"வண்டிய கொள்முதல் நிலையத்துக்கு விடு."

இது போதும், இது ஒன்றே போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

நேரடி நெல் கொள்முதல் நிலையம் பாலத்துக்கு அந்தப் பக்கம். செவ்வாய்க்கிழமையோடு அங்கே டோக்கன் முடிந்துவிட்டது. தார்ப்பாய் போட்டு மூடிய மூட்டைகள் லாரிக்குக் காத்திருந்தன. பட்டியல் எழுத்தர் அரசப்பன் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"நான் யாரு நெல்லையும் வேணும்னு திருப்பி அனுப்பலம்மா. மெஷின் என்ன காட்டுதோ அதான் எழுதினேன்."

"உங்கள யாரும் குத்தம் சொல்லல" என்றார் லத்தீஃபா அக்கா. "என்ன காட்டிச்சுன்னு மட்டும் காட்டுங்க."

ஈரப்பதம் பார்க்கிற கருவி மேஜைமேல் இருந்தது. ஜாஃபர் அதைத் தூக்கிப் பார்த்தார். "இதுல மனுசன் மூளைய வச்சா எவ்வளவு காட்டும்?"

"ஒரு கைப்பிடி அளவாவது இருக்கணுங்க" என்றார் அரசப்பன். பதற்றத்தில் அவருக்கு அது கேலி என்றே தெரியவில்லை. லத்தீஃபா அக்கா அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

நோட்டு வந்தது. வடக்குச் சுவரிலிருந்து வருகிற நெல்லை அரசப்பன் தனியாகக் குறித்து வைப்பாராம். காற்றில் காய்ந்த நெல்லில் தூசி அதிகம், தூற்றச் சொல்லவேண்டும் என்பதற்காக. லத்தீஃபா அக்கா விரலை வைத்து வாசித்தார்.

"சனி: பதினாறு, பதினாறு, பதினாறரை. ஞாயிறு லீவு. திங்கள்: பதினாறு, பதினேழு. செவ்வாய், சாயங்காலம் நாலு மணி..." அவர் குரல் தாழ்ந்தது. "இருபத்தொன்னு. இருபத்தொன்னு. இருபது. இருபத்தொன்னு. நாலு பேரு நெல்லும் திருப்பி அனுப்பப்பட்டது. நாலு பேரு கையெழுத்தும் இருக்கு."

"காலைல கொட்டி சாயங்காலம் நாலு மணி வரைக்கும் கெடந்த நெல்லு, ஒரு துளி இறங்கல" என்றார் ஜாஃபர். "மெஷின் ஓடிச்சாம். எந்த மெஷினு, தையல் மெஷினா?"

அக்கா அங்கேயே நின்று இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அவர் குரல் எங்களுக்கும் கேட்டது.

"ஈர நெல்ல எல்லாம் சாட்சியா கூட்டிட்டு வர்றீங்களாம்மா? சரி, மெஷின் நின்னுச்சுன்னே வச்சுக்குவோம். நின்னா என்ன? இனியவன் பதினொன்னு நாப்பதுக்கு வெளிய போயிட்டான்னு ரிஜிஸ்டர் சொல்லுது. அதுக்கப்புறமும் அவன் உள்ளதான் இருந்தான்னு பாத்த ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்க. நெல்லு வேணாம். ஆளு."

போன் அணைந்தது. மணி மூன்றரை.

ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தேன். நெல் போதும் என்று நினைத்திருந்தேன். போதவில்லை.

"மெஷின் நின்னா என்ன நடக்கும் ஜாஃபரு?" என்று அக்கா கேட்டார். "உனக்குத்தான் தெரியுமே."

ஜாஃபர் இந்த முறை கேலி பேசவில்லை. "டர்பைன ஒரு இரும்பு ரூம்ல மூடி வச்சிருப்பாங்க லாத்தா. உள்ள தீப்பிடிச்சா அணைக்கறதுக்கு சி.ஓ.டூ, அதான் கரியமில வாயு, சிலிண்டரு வரிசையா நிக்கும். சூடு பட்டா, ஏதாவது வயரு இடிபட்டா, தானா தொறந்துக்கும். உள்ள மூச்சு விடக் காத்தே இருக்காது. அதனால ஆளு இறங்கறதுக்கு முன்னாடி சிலிண்டர் ரூம பூட்டி, அந்த சாவிய இறங்கறவன் தன் பாக்கெட்ல போட்டுக்கணும். அது இல்லாம தம்மாம்ல எலி கூட உள்ள போவாது."

"இங்க அந்த சாவி?"

"ஷிப்ட் இன்சார்ஜ்கிட்ட இருக்கும்."

"கோவிந்தராசு செவ்வாய்க்கிழமை பூரா பந்தல்ல நின்னாருன்னு டீக்கடைல சொன்னாங்க. அது ஒன்னுதான் அந்த ஊரு நமக்கு சொன்ன நிசம்." அக்கா நோட்டை மூடவில்லை. "ஜாஃபரு, போயி டீ வாங்கிட்டு வா."

"இங்க டீக்கடையே..."

"இல்லாத கடைல வாங்கிட்டு வா."

ஜாஃபர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அரசப்பனையும் கூட்டிக்கொண்டு பாலத்துப் பக்கம் போனார்.

லத்தீஃபா அக்கா எதிர் மூட்டையில் உட்கார்ந்தார். "செவ்வந்தி, நெல்லப் பத்தி முதல்ல பேச்செடுத்தது நீ. வடக்குச் சுவருக்கு நீதான் எங்கள கூட்டிட்டுப் போன. ஆனா இங்க வந்து நோட்ட விரிச்சதும் நாங்க மூணு பேரும் குனிஞ்சு பாத்தோம். நீ பாக்கல. என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சவங்கதான் பாக்க மாட்டாங்க."

நான் மூட்டையின் தையலைக் கிள்ளினேன்.

"நாலாவது கையெழுத்து உன்னோடது. பதினாலு மூட்ட. கடைசி நாள். அன்னிக்குப் போடலன்னா அந்த நெல்லு முளைச்சுப் போயிருக்கும். காலைலேர்ந்து சூட்டுக் காத்து வரல. புருசன் உள்ளதான் வேலை பாக்கறாரு. எந்தப் பொம்பளையா இருந்தாலும் என்னம்மா செஞ்சிருப்பா? நானா இருந்தாலும் போன்தான் பண்ணியிருப்பேன்."

அவர் அதைத் திட்டுகிற மாதிரி சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"பன்னிரண்டு இருபதுக்கு" என்றேன். "மலர்க்கொடி வந்து காத்து வரலன்னு சொன்னா. பண்ணினேன். ஒம்பது மணிக்கே மெஷின் நின்னுபோச்சு, எண்ணெய்க் குழாய் ஒழுகுது, உள்ள இறங்கி இறுக்கணும்னாரு. சாவி கோவிந்தராசுகிட்ட இருக்கு, ஆளு வரட்டும்னு நிக்கறேன்னாரு. நான்..."

"சொல்லு."

"கம்பெனிக்கு ஒன்னுன்னா ஓடுவீங்க, நம்ம நெல்லுன்னா மட்டும் சாவி வரணும் சந்தனம் வரணும்னு நிப்பீங்களான்னு கேட்டேன். அஞ்சு மணிக்கு கொள்முதல் முடியுது, என்ன பண்ணச் சொல்றீங்கன்னு கத்தினேன். பதினாலு மூட்டைக்காக."

பாலத்தின் மேல் ஒரு பேருந்து போனது. அது போகிற வரைக்கும் அக்கா காத்திருந்தார்.

"அவரு என்ன சொன்னாரு?"

நான் சொன்னேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

"பரிதி அப்ப எங்க இருந்தான்?"

"பக்கத்துல. சோறு தின்னுக்கிட்டிருந்தான். எல்லாம் கேட்டான்."

லத்தீஃபா அக்கா நோட்டை மூடினார். "அப்ப அவன் ஏன் உன்னைப் பொய்க்காரிங்கறான்னு புரியுதா? உன் வீட்ல இருந்தேன்னு சொன்னா, அங்க என்ன நடந்துச்சுன்னு அடுத்த கேள்வி வரும். சொல்லணும். உன் மாமியாருக்குத் தெரியணும், ஊருக்குத் தெரியணும். அது வர வேணாம்னு கொலைப் பழிய வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கான்."

எனக்குத் தெரியும். காலையிலிருந்தே தெரியும். தெரிந்துதான் நெல்லைக் காட்டினேன். நான் வாயைத் திறக்காமல் அவன் வெளியே வந்துவிட வேண்டும் என்று நெல்லை எனக்குப் பதிலாகப் பேச வைக்கப் பார்த்தேன்.

"அவர நான் கொன்னுட்டேனாக்கா?"

"சாவிய கழுத்துல மாட்டிக்கிட்டு பந்தல்ல நின்னவன் ஒருத்தன். உள்ள ஆளு செத்தான்னு தெரிஞ்சா திங்கக்கிழமை கூட்டம் நடக்காதுன்னு, பதிவேட்டுல பொய்க் கையெழுத்து போட்டு, உடம்ப வாய்க்கால்ல தள்ளினவன் அவனேதான். நீ அவசரப்படுத்தின. அது பொய்யில்ல, அத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவசரப்படுத்தறதும் கொல்றதும் ஒன்னில்ல." அவர் எழுந்தார். "இன்ஸ்பெக்டர் கேட்ட ஆளு நீதான். மணி மூணு அம்பது. ஏறு."

காவல் நிலைய வாசலில் என் மாமியார் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். மகனைக் கொன்றவனை வண்டியில் ஏற்றுவதைப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று. நாங்கள் உள்ளே போனதும் அவரும் பின்னாலேயே வந்து சுவரோரம் நின்றார். அவரை வெளியே போகச் சொல்லட்டுமா என்று இன்ஸ்பெக்டர் கண்ணால் கேட்டார். வேண்டாம் என்றேன்.

பரிதி தரையில் உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "அக்கா, ஒன்னும் சொல்லாத. வீட்டுக்குப் போ. சார், அவங்களுக்கு மனசு சரியில்ல சார்."

"உக்காருடா" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு இருபது, எண்ணெய்க் குழாய், சாவி. இன்ஸ்பெக்டர் இடையில் இரண்டு கேள்விதான் கேட்டார். முடித்ததும் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"தம்பியக் காப்பாத்த அக்கா கதை கட்டலாம்" என்றார் லத்தீஃபா அக்காவிடம்.

"கட்டலாம். அதுல தன்னையே இப்படியா வைப்பா?" என்றார் அக்கா. "சாவி இல்லாம இறங்கினப்ப உள்ள சி.ஓ.டூ தொறந்துக்கிச்சு. சிலிண்டர் ரூமுக்கு ஆள அனுப்புங்க சார். சிலிண்டர் எல்லாமே ஒரே நாள்ல காலியாகியிருக்கும், இல்ல ஒரே நாள்ல புதுசா வந்திருக்கும். ரெண்டுல எது இருந்தாலும் கோவிந்தராசு பதில் சொல்லட்டும்."

"பதில் சொல்றப்ப சாவியையும் மறக்காம கொண்டாரச் சொல்லுங்க" என்றார் வாசலில் நின்ற ஜாஃபர். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

ஐந்து மணிக்கு ஜீப் புறப்பட்டது. கோர்ட் பக்கம் அல்ல, மின் நிலையத்தின் பக்கம். பரிதி தரையிலிருந்து பெஞ்சுக்கு மாறியிருந்தான். தலை கவிழ்ந்து தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தான்.

ஏட்டு என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்தார். "கடைசியா இறந்தவர் என்ன சொன்னாரு? அவரு வார்த்தையிலயே சொல்லுங்கம்மா."

"'சரி, கத்தாத. சாவிக்கு நிக்கல, நான் இறங்கறேன். அரை மணி நேரத்துல மெஷின் ஓடும். நெல்லப் புரட்டிப் போடச் சொல்லு.'"

சுவரோரத்திலிருந்து மாமியார் குரல் வந்தது. "கோவமா சொன்னானா?"

"இல்ல அத்த. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு."

அவர் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தார்.

"அப்ப நீதான் கோவமா கேட்டிருக்க."

"ஆமா அத்த."

ஏட்டு பேனாவைத் தூக்கிக்கொண்டு தயங்கினார். "இதையும் எழுதணுமாம்மா?"

"எழுதுங்க" என்றேன்.